தொண்ணூற்றேழு டிகிரி

ஜாஸ்பர் அனுப்பியிருந்த செய்தியை முத்துமாரியம்மாள் ஒன்பது தடவை படித்தாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ரத்தம் ஒரு படி மேலே ஏறியது. "வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் பத்து மணிக்கு மேல் சமையலில் இறங்கிவிடுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும் மேடம். வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் வேகம் சரியாகாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டிவரும்." மேடமாம், மேடம்! அடிக்கிறதையும் அடித்துவிட்டு எண்ணெய் தடவி விடுகிறானே.

ஜாஸ்பர் சென்னைக் கம்பெனியில் அவளுக்கு மேலதிகாரி. அவள் அவனை நேரில் பார்த்ததில்லை. அமெரிக்காவில் எந்த ஊரிலோ ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதும் குறிப்புகள் போடியில் அவள் வீட்டு லேப்டாப்புக்கு வரும். அவற்றைப் படித்து, எந்த நோய்க்கு எந்த எண்ணோ அதைப் போட்டு அனுப்ப வேண்டும். மெடிக்கல் கோடிங் என்பார்கள். சர்க்கரைக்கு ஓர் எண், இடுப்பு எலும்பு முறிந்தால் ஓர் எண், மாடிப்படியில் விழுந்து முறிந்ததென்றால் அதற்குத் தனியாக ஓர் எண். ஆயிரக்கணக்கான எண்கள் அவளுக்கு மனப்பாடம். ஒரு நாளைக்கு எழுபது கோப்பு முடிக்கக்கூடியவள், மூன்று வாரமாக நாற்பதைத் தாண்டவில்லை.

தாண்டாததற்குக் காரணம் அவள் இல்லை. தினமும் காலை பத்தரை மணியானால் லேப்டாப் முக்க ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் ஃபேன் கூப்பாடு போடும். ஒரு பக்கம் புரட்டினால் அடுத்த பக்கம் வருவதற்குள் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். கோப்பு நகராதபோது நாற்காலியில் இருப்பவள் தூங்குகிறாள் என்று கம்பெனிக் கணக்கு சொன்னது. கணக்கு சொன்னதை ஜாஸ்பர் நம்பினான், அவள் சொன்னதை நம்பவில்லை.

முத்துமாரியம்மாள் தேவதானப்பட்டியில் பிறந்தவள். தினமும் பஸ்ஸேறிப் போய்ப் படித்து விலங்கியலில் பட்டம் வாங்கியவள். பட்டம் வாங்கிய மறு வருடமே கல்யாணம், பிறகு பதினாலு வருடம் வீடு. "படிச்சுட்டுச் சும்மாதான இருக்கு" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கையிலிருக்கும் கரண்டியை விட்டெறியத் தோன்றும். ஒரு தடவை எறிந்தும் இருக்கிறாள், அது பெரிய மதினி மேல் படாமல் சுவரில் பட்டது. முப்பத்தாறு வயதில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தானே படித்துப் பரீட்சை எழுதி வாங்கிய வேலை இது. அதைப் போய் ஒருத்தன் சமையல் என்கிறான். இந்த வேலை போனால் அவள் மறுபடியும் 'சும்மா இருக்கிறவள்' ஆகிவிடுவாள். அவளால் தாங்க முடியாதது அது ஒன்றுதான்.

கோபத்தோடு எழுந்து பின்பக்கம் போனாள். பின்பக்கம் அவள் புருஷன் சின்னக்கருப்பின் பஞ்சு ஷெட். இலவங்காயை உடைத்து, கொட்டை பிரித்து, மெஷினில் பஞ்சு அடித்து, தலையணையும் மெத்தையும் தைக்கிற இடம். போடியில் தெருவுக்கு ஒன்று இப்படி உண்டு. நாலு பெண்கள் அங்கே கூலிக்கு வருகிறார்கள். அவர்களில் மூத்தவள் கருத்தம்மாள், மெஷின் வாயில் பஞ்சு போடுகிறவள், அந்த நேரம் பார்த்துச் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முத்துமாரியம்மாளுக்கு யாராவது ஒருவர் தேவைப்பட்டது. அவள் அகப்பட்டாள்.

தினமும் இதே நேரத்துக்கு இந்த உட்காருதல் என்ன உட்காருதல், வேலைக்கு வந்தாளா விருந்துக்கு வந்தாளா, சோம்பேறித்தனத்துக்கும் ஓர் அளவில்லையா என்று பிடிபிடியென்று பிடித்தாள். கருத்தம்மாள் முந்தானையை வாயில் கட்டிக்கொண்டு எழுந்து மெஷினுக்குப் போனாள். சின்னக்கருப்பு எதுவும் கேட்கவில்லை. பொண்டாட்டி அந்தத் தொண்டையில் பேசும்போது எதுவும் கேட்கக்கூடாது என்பதை அவர் கல்யாணமான முதல் மாதமே கற்றுக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானமே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள் என்றால் எண்ணால் சொல்லுவோம். புராசஸரின் சூட்டையும் ஃபேன் சுற்றும் வேகத்தையும் திரை ஓரத்தில் காட்டுகிற சின்ன மென்பொருள் ஒன்றைத் தேடி இறக்கினாள். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டுக் கோடு கிழித்தாள். கால்மணிக்கு ஒரு தரம் நேரம், சூடு, ஃபேன் வேகம், லேப்டாப் ஓடுகிறதா முக்குகிறதா என்று நாலு கட்டம்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஐம்பத்திரண்டு டிகிரி. ஃபேன் நிமிடத்துக்கு இரண்டாயிரத்து நானூறு சுற்று. ஒன்பதரைக்கு எழுபத்தெட்டு. பத்தேகாலுக்குத் தொண்ணூற்றொன்று, ஃபேன் நாலாயிரத்து எண்ணூறு. பத்தரைக்குத் தொண்ணூற்றேழு. அந்த இடத்தில் புராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிக்கொண்டது. கோப்பு நின்றது. வெயிலில் நெடுநேரம் நின்றவன் நிழலில் உட்காருகிற மாதிரிதான், வேறொன்றுமில்லை. பார்த்தாயாடா ஜாஸ்பரு, இது சமையலா என்று அவள் வாய்விட்டே கேட்டாள்.

சூட்டுக்குக் காரணம் தேடியதில் முதலில் மாட்டியவர் சின்னக்கருப்பு. போடிக்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு, பிரியமான எதையும் வெறும் தரையில் வைக்கமாட்டார்கள். தராசுக்கு ஒரு மெத்தை, தையல் மெஷினுக்கு ஒரு மெத்தை, பிள்ளையார் சிலைக்குக்கூட ஒரு திண்டு. பொண்டாட்டிக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் சின்னக்கருப்பு லேப்டாப்புக்கு அளவெடுத்து, நல்ல பஞ்சாகப் பார்த்துத் திணித்து, பூப்போட்ட உறை போட்டு ஒரு குட்டி மெத்தை தைத்துக் கொடுத்திருந்தார். பத்து மாதமாக லேப்டாப் அதன்மேல்தான் படுத்திருந்தது. கீழ்ப்பக்கம் காற்று இழுக்கும் ஓட்டைகள் அத்தனையும் அந்த மெத்தைக்குள் அமுங்கிக் கிடந்தன. அவள் அதைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் சோறு ஆக்கவில்லை.

"மெத்தென்னு இருக்கட்டும்னுதான தச்சேன்" என்றார் அவர்.

"அதுக்கென்ன முதுகுவலியா வந்துச்சு, மெத்தையில படுக்க?" என்று கேட்டுவிட்டு அவள் மெத்தையைத் தூக்கிப் பரணில் எறிந்தாள். நாலு மூலையிலும் நாலு பாட்டில் மூடி வைத்து லேப்டாப்பைத் தூக்கி நிறுத்தினாள். புதன்கிழமை பத்தரைக்குப் பார்த்தால் எண்பத்தொன்பது. இறங்கியது எட்டே எட்டு டிகிரி. பதினொன்றரைக்கு மறுபடியும் தொண்ணூற்றேழு. ஃபேன் ஐயாயிரத்துக்கு மேல் சுற்றுகிறது, சூடு மட்டும் அசையமாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமைக்கு நடுவில் இன்னும் ஒரே நாள்.

வியாழக்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு லேப்டாப்பையும் காலண்டர் தாளையும் எடுத்துக்கொண்டு தேனிக்கு பஸ்ஸேறினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இமானுவேல் என்பவரின் ரிப்பேர் கடை. அவர் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேலே கையை வைத்துப் பார்த்துவிட்டு, மதர்போர்டு போச்சு, மாற்றணும், ஒரு வாரம் ஆகும் என்றார். பிறகு, வீட்டில் சார் இருந்தால் வரச் சொல்லுங்கள், அவரிடம் விளக்கமாகச் சொல்கிறேன் என்றார்.

கடையில் நின்ற மற்ற இரண்டு பேரும் அன்று ஒரு நல்ல காட்சி பார்த்தார்கள். சார் தலையணைக்குப் பஞ்சு அடைக்கிறார், அவரிடம் மெத்தையைப் பற்றி வேண்டுமானால் விளக்கமாகப் பேசலாம் என்று ஆரம்பித்தாள். காலண்டர் தாளை மேசைமேல் விரித்தாள். போர்டு போயிருந்தால் காலையில் ஐம்பத்திரண்டில் எப்படி ஒழுங்காக ஓடுகிறது? ஃபேன் கெட்டிருந்தால் ஐயாயிரம் சுற்று எப்படிச் சுற்றுகிறது? ஃபேன் சுற்றுகிறது, சூடு இறங்கவில்லை என்றால் காற்று வெளியே போகிற வழியில் என்னவோ அடைத்திருக்கிறது. இது படித்தவனுக்கும் தெரியும் படிக்காதவனுக்கும் தெரியும், உங்களுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? "எந்திரிச்சு ஸ்குரூவக் கழட்டுங்கண்ணே. நான் இங்கனயேதான் நிப்பேன்."

இமானுவேல் தாளை மேலிருந்து கீழாக ஒரு தரம் படித்தார். நல்ல மனுஷர்தான், சோம்பல்தான் வியாதி. திருப்புளியை எடுத்தார். அடிமூடியைக் கழற்றி, ஃபேனைத் தனியே எடுத்ததும் அவரும் அவளும் குனிந்து பார்த்தார்கள். ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிற இடத்தில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய செப்புத் தகடுகள் இருக்க வேண்டும். தகடே தெரியவில்லை. அதற்கு முன்னால் விரல் தடிமனுக்கு அழுக்கு வெள்ளையில் ஒரு திண்டு அழுந்திக் கிடந்தது. இமானுவேல் இடுக்கியால் பிடித்து இழுத்தார், தைத்து வைத்த மாதிரி ஒரே துண்டாக வந்தது.

அது என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இலவம்பஞ்சு. காலை ஒன்பது மணிக்கு ஷெட்டில் மெஷினைப் போடுகிறார்கள். அது ஓட ஓட ஜன்னல் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத இழை வீட்டுக்குள் வருகிறது. ஃபேன் அதை ஒவ்வொரு இழையாக இழுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. இமானுவேல் எல்லாவற்றையும் ஊதித் துடைத்து, புராசஸர்மேல் காய்ந்துபோன பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவி மூடினார். போர்டு என்று சொன்னதற்கு மன்னிச்சுக்கங்க தங்கச்சி என்றும் சொன்னார். அவள் அந்தப் பஞ்சுத் துண்டை ஒரு பாலித்தீன் பையில் போட்டு வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அறுபத்தாறு டிகிரி. ஃபேன் இருப்பதே தெரியவில்லை. பதினொன்றரைக்குள் முப்பத்தொன்பது கோப்பு பறந்தது. மூன்று நாள் எண்களையும் பஞ்சுத் துண்டின் போட்டோவையும் ஜாஸ்பருக்கு அனுப்பி, இனி யாரையும் சமையல் என்று சொல்வதற்கு முன் ஒரு தரம் கேட்கவும் என்று எழுதினாள். பதில் வந்தது. "ஓகே மேடம், நோட்டட். கன்டினியூ."

அவ்வளவுதான். வேலை தப்பித்தது, சரி. ஒரு 'தப்பாகச் சொல்லிவிட்டேன்' இல்லை, ஒரு 'ஸாரி' இல்லை. முக்கி முக்கி ஓடினவளைத் தூங்குகிறாள் என்று சொன்னவனுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லையே! எந்த மூஞ்சியோடு இவனெல்லாம் மனுஷன் என்று நடமாடுகிறான்? அவள் பாலித்தீன் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். புருஷனுக்காவது காட்ட வேண்டும். அந்த ஜன்னலை இன்றைக்கே அடைக்கச் சொல்ல வேண்டும்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கருத்தம்மாள் அதே சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். முத்துமாரியம்மாளைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு பதறி எழுந்தாள், எழுந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. முத்துமாரியம்மாள் அதைக் கவனிக்கவில்லை. பையைப் பிரித்துப் பஞ்சைப் புருஷன் மடியில் போட்டாள். லேப்டாப்பைத் திறந்தால் இதுதான் உள்ளே இருந்தது, இதனால்தான் என் பிழைப்பு போகப் பார்த்தது என்றாள். சின்னக்கருப்பு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்ம பஞ்சுதான் என்றார்.

கருத்தம்மாள் கிட்டே வந்தாள். கையை நீட்டித் துண்டை வாங்கி, ஓரத்தை நகத்தால் பிய்த்துப் பார்த்தாள்.

"எத்தன மாசத்துப் பஞ்சு தாயி இது?"

"பத்து மாசம்."

"பத்தே மாசமா?" கருத்தம்மாள் துண்டைத் திரும்ப அவர் மடியிலேயே வைத்தாள். "நான் இங்கன வந்து பதினெட்டு வருசமாச்சு. அதத் தொறந்து பாத்தாக, சரியாப்போச்சு. நம்மளயெல்லாம் யாரு தொறந்து பாக்குறாக?"

அவள் குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. குனிந்து, முட்டியில் கையை ஊன்றி, இருமி முடிக்க வெகுநேரம் ஆனது. அவள் நிமிர்ந்து நின்றபோது முத்துமாரியம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே முக்கால், லேப்டாப் முக்கிக்கொண்டிருந்த அதே நேரம்.

இழைத்தூசி நெஞ்சில் இறங்கினால் வரும் நோய்க்கு என்ன எண் என்று முத்துமாரியம்மாளுக்குத் தெரியும். முகம் தெரியாத அமெரிக்கக்காரர்களுக்கு அந்த எண்ணை எத்தனையோ தடவை போட்டிருக்கிறாள். மூச்சுத் திணறல், வேலை நேரத்தில் கூடும், ஓய்வில் குறையும். அந்த வரியை அவள் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். தன் ஜன்னலிலிருந்து இருபது அடியில் ஒருத்தி தினமும் அந்த வரியாகவே சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் போய்த்தான் விருந்துக்கு வந்தாயா என்று கேட்டாள். சீ என்று வந்தது அவளுக்கு, தன்மேலேயே.

போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். மெஷின் முனகி நின்றது. நாளைக்கு மதுரைக்கு நாற்பது தலையணை போகணும் என்று சின்னக்கருப்பு எழுந்தார். ஜன்னலிலும் கூரையிலும் தூசியை வெளியே இழுக்கிற பெரிய ஃபேன் மாட்டி, எல்லார் முகத்துக்கும் மறைப்பு வாங்குகிற வரைக்கும் இந்தச் சுவிட்சில் யார் கை பட்டாலும் ஒடித்துவிடுவேன் என்றாள். பதினெட்டு வருடமாகக் கூடவே நின்றவருக்கு இந்த இருமல் காதில் விழவில்லையா என்றும் கேட்டாள். தனக்கும்தான் விழவில்லை என்பது அவளுக்குத் தெரியும், அதனால் கோபம் இன்னும் கூடியது.

"யக்கா, கைய காலக் கழுவிட்டு வா. தேனிப் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். நெஞ்சப் படம் எடுத்துப் பாக்கணும்."

கருத்தம்மாள் நின்றுபோன மெஷினைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள். கடைசியில் முத்துமாரியம்மாளை நிமிர்ந்து பார்க்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"வேல நேரத்துல எந்திரிச்சுப் போனா, வைவீகளே தாயி?"