யோசேப்புக்கு ஒட்டிய மீசை

அந்தக் கதையில் யோசேப்பு நான்தான் என்று நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நாலு பேரைச் சிரிக்கவைத்துக் கெட்டவன்தானே நான்.

தாராவியில் எங்கள் சபையின் சிறுவர் வகுப்பு டீச்சரம்மா, தங்கச்சி பிரசவத்துக்கு ஊருக்குக் கிளம்பினார்கள். "அண்ணாச்சி, நீங்கதான் வாய் ஓயாமப் பேசுவீங்களே, ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் பாத்துக்கிடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பாடம்: தன்னைக் குழியில் தள்ளி விற்ற அண்ணன்மாரை யோசேப்பு மன்னித்தது. பல்லைக் காட்டிச் சம்மதித்தேன். சந்து திரும்பியதும்தான் உறைத்தது. அந்த வகுப்பில் என் அண்ணனின் சின்ன மகள் இருக்கிறாள். அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

காரணம் என் வாய். அவருடைய மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம். அம்பர்நாத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அண்ணன் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசி, புதுச் சட்டையில் வாசலில் நின்றார். "குழம்பிராதீங்க, மாப்பிள்ளை இவரில்ல, இவரு பொண்ணோட அப்பா" என்றேன். சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்கு பிரேக் பிடிக்காது. "தலையோட தலையணையும் கறுத்துப்போச்சு, மதினி இன்னும் துவைச்சிக்கிட்டு இருக்காவ" என்றேன். உள்ளே போன அண்ணன் பந்தி முடியும்வரை வெளியே வரவில்லை.

இதற்குப் பிறகும் எனக்குத்தான் மனத்தாங்கல். ஒரு தமாஷுக்காகக் கூடப்பிறந்தவனை ஒதுக்குவார்களா என்று ஆள் ஆளுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பாடத்துக்குத் தயாரானேன். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சரியாக ஓடாது, படம் வேண்டும். பை தைக்கிற எங்கள் பட்டறையிலிருந்து லைனிங் துணி வெட்டுகளை அள்ளிவந்து, யோசேப்புக்குப் பல வர்ண அங்கி வெட்டினேன். அண்ணன்மாரைக் காக்கி அட்டையில் வெட்டினேன். எட்டிப்பார்த்த என் வீட்டுக்காரி கேட்டாள்.

"யோசேப்புக்கு எதுக்கு உங்க மீசை?"

"ஆம்பளைன்னா மீசை இருக்காதா?"

"அப்போ அண்ணன்மாருக்கு எங்க?" என்றாள். "இங்க பாருங்க, நீங்க குழிக்குள்ள விழுந்த ஆளு இல்ல. தள்ளிவிட்ட ஆளு."

பசை காயவில்லை. மீசையைப் பிய்த்து ஓர் அட்டை அண்ணனுக்கு ஒட்டினேன். கோணலாகப் போயிற்று.

அப்போதுதான் ஒரு குறுக்குப் புத்தி. கேட்ட கதையைப் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டில் வீட்டில் சொல்லவேண்டும். அது டீச்சரம்மா போட்ட சட்டம். மீசைக்காரன் உருகி உருகி மன்னிப்புக் கேட்கிற மாதிரி நான் சொல்லிவிட்டால், அண்ணன் மகள் அதை அப்படியே அண்ணனின் தட்டு வரைக்கும் கொண்டுபோய்விடுவாள். கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். குரல் உடையவேண்டிய இடத்தில் இருமல் வந்தது.

"ரெண்டு சந்து தள்ளி வீடு. நேரா போய்ச் சொன்னா என்ன?" என்றாள் வீட்டுக்காரி.

"யோசேப்போட அண்ணன்மாரும் முதல்ல ஆள்தானே அனுப்பினாங்க? வேதத்திலேயே இருக்கு."

"கீழேயும் படிங்க. பெறகு அவங்களே போய்க் கால்ல விழுந்தாங்கன்னு இருக்கும்."

படித்தேன். இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு டீ கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாயில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மகளைக் காணவில்லை. கொஞ்சம் பார்க்கலாம் என்று ஒரு பாட்டுக்கு இரண்டு பாட்டாகப் பாடவைத்தேன். அவளுடைய சிநேகிதிதான் சொன்னாள்: "அவ வரமாட்டா அங்கிள். இன்னைக்கு நீங்க எடுக்கீங்கன்னு அவ பப்பா அனுப்பல."

கதையைச் சொன்னேன். குழி, எகிப்து, பஞ்சம், எல்லாம் சொன்னேன். நன்றாகவே சிரித்தார்கள். கடைசியில் ஒருத்தி கேட்டாள்: "இந்த மீசைக்காரன் ஸாரி சொன்னானா?"

"சொன்னான்" என்றேன்.

எங்கள் வீட்டுக்கு அண்ணன் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் மாடி வீட்டுக்கு ஏறும் இரும்பு ஏணிக்குக் கீழே அவளுடைய சின்னச் செருப்பு கிடந்தது, பக்கத்தில் அண்ணனுடையது. மேலே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஏணிக்கம்பியில் ஒரு கை வைத்தேன்.

பிறகு கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.