அவரே மூடிய சரிவு

அவரை எல்லாரும் குழாய்க்காரர் என்றே கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடமாக மலைச்சரிவுகளிலும் சுரங்கப்பாதைகளிலும் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிப்பதுதான் வேலை. சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று, குழாயை நேராகப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாக அடிக்க வேண்டும். கை கொஞ்சம் சாய்ந்தாலும் கலவை திரும்பித் தெறிக்கும். "பாதிச் சுவரை மேலயே ஒட்டிக்கிட்டு வந்துடுறீங்க" என்று மனைவி தினமும் அவர் தலையைத் தட்டிவிட்டுச் சிரிப்பாள்.

ஒரு பெருமழையில் மலைச்சரிவு இடிந்து அவர்கள் வீட்டின்மேல் விழுந்தபோது அவர் வெளியூர்ச் சுரங்கத்தில் இருந்தார். மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பதினோரு நாள் தோண்டினார்கள். மெஷின் கிடைத்தது. அவள் கிடைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் இன்ஜினியர் வந்து தயங்கித் தயங்கிப் பேசினார்.

"இனியும் அடியில தோண்டினா மேல இருக்கறது மொத்தமா இறங்கிடும். கீழ நாப்பது குடும்பம் இருக்கு. அடுத்த மழைக்குள்ள கான்கிரீட் அடிச்சு மூடியாகணும். உங்களைச் செய்யச் சொல்லலை. வேற ஆளை வரவழைக்கறேன்."

"ஒரே ஒரு நாள் கொடுங்க சார்."

கொடுத்தார். குழாய்க்காரரும் மனைவியின் தம்பியும் ஓரத்து மண்ணைக் கையாலேயே கிளறினார்கள். அவளுடைய செருப்புகூட அகப்படவில்லை.

மறுநாள் சரிவில் கம்பிவலை விரித்து ஆணி இறக்கியாயிற்று. குழாய்க்குக் கலவை தள்ளும் பம்பை ஓட்டுகிறவன் அந்த மைத்துனன்தான். சுவிட்சைத் தொடாமல் நின்றான்.

"என்னால முடியாது மாமா. அக்கா உள்ள இருக்கா."

"தெரியும்டா. முன்னபின்ன தெரியாதவன் வந்து மூடறதுக்குப் பதிலா நாமளே மூடிடலாம். போடு."

பம்ப் உறுமியது. கீழிருந்து மேலாகத்தான் அடிக்க வேண்டும், அதுதான் முறை. ஆகவே வீடு இருந்த இடம்தான் முதலில் மறைந்தது. மாலைவரை அவர் கை ஒரு தடவைகூடச் சாயவில்லை. மைத்துனன் அழுதுகொண்டே ஓட்டினான்.

அடுத்த வாரம் நான்கு நாள் விடாமல் மழை கொட்டியது. சரிவு அசையவில்லை. கீழ்த் தெருவிலிருந்து ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள்.

"உங்க புண்ணியத்துல பிழைச்சோம்ணே."

"சரிம்மா" என்றார். வாடகை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர் வாய்விட்டுக் கதறினார். மைத்துனன் ஓடிவந்து, யாரும் கதவைத் தட்டாதபடி வாசலிலேயே நின்றுகொண்டான்.