தம்பிக்குப் பெண் கொடுக்கப் போனவர்

கோவை ஆஸ்பத்திரியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பூசிய முகம், கை நிறையக் கண்ணாடி வளையல். என் மடியிலிருந்த மூன்று வயது மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று டாக்டர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

விஷயம் தெரிந்ததும் அந்த அம்மாள் அவன் காதருகே வளையலைக் குலுக்கினார். அதன் மினுமினுப்பைக் கண்டு அவன் திரும்பினான்.

"பாருங்க அம்மிணி, நல்லாக் கேக்குது! டாக்டருக்கு என்னங்க தெரியும்?"

ஒவ்வொரு ஸ்டாப்பிலும் குலுக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வயித்துல இருக்கும்போது கெரகணத்தன்னிக்கு வெளிய போனீங்களாக்கும்?"

"இல்லீங்க. நெருங்குன சொந்தத்துல கட்டுனா இப்படி ஆகலாமுன்னு டாக்டர் சொல்றாரு. என்ற ஊட்டுக்காரரு எனக்குத் தாய்மாமனுங்க."

"நானும் என்ற மகளைத் தம்பிக்குப் பேசி முடிக்கத்தானுங்க போறேன்."

"வேண்டாமுங்க! நான் படுறது போதும்."

"அட போங்க அம்மிணி. இப்படியொரு பிள்ளை பொறந்தா வெளியாளு உட்டுப்போட்டுப் போயிருவான். மாமன் போவானுங்களா?"

இப்படிப் பிறக்க வேண்டாம் என்றுதானே சொல்கிறேன் என்று கத்தத் தோன்றியது. அதற்குள் பின் சீட்டிலிருந்த என் கணவர் எழுந்து வந்து, தூங்கிவிட்ட மகனைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார். அந்த அம்மாள் 'பார்த்தீங்களா' என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வேலந்தாவளத்தில் இறங்கிப் போனார்.