ஐந்து கிலோவும் அழகரத்தினமும்

சின்னத்தங்கம் படுக்கையிலிருந்து நேரே எழும்புவதில்லை. முழங்காலை மடக்கி, உடம்பை ஒரே கட்டையாகப் புரட்டி, கால்களைக் கீழே விட்டு, முழங்கையை ஊன்றித்தான் எழும்புவாள். முதுகு ஒப்பரேசனுக்குப் பிறகு கொழும்பு ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்டது. “அறுபத்தாறு வயசில எழும்பிறதுக்கு வகுப்புக்குப் போன ஆள் நான்” என்று பெருமை வேறு.

பிறகு இடுப்புப் பட்டியை இறுக்கிக்கொண்டு இடியப்ப உரலோடு நிற்பாள். கல்குடாவில் மூன்று தேநீர்க் கடைகளுக்கு அவளுடைய இடியப்பம்தான். ஒப்பரேசனுக்கு முன் பத்து எட்டு வைத்தாலே கால் விறைத்து, வேலிக்கட்டையைப் பிடித்துக் குந்திவிடுவாள். இப்போது சந்திவரை போய், வழியில் நாலு பேரோடு கதைத்துவிட்டும் வருகிறாள். இடது பாதம் மட்டும் இன்னும் மரத்தேதான் கிடக்கிறது. செருப்பு கழன்றாலும் தெரியாது. யாராவது பின்னால் எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டும். முதுகில் ஆறு சின்னத் தழும்பு, உள்ளே நாலு ஆணி.

யுத்தம் முடிந்த கையோடு நடந்த ஒப்பரேசன் அது. திரும்பும் வழியில், சோதனைச் சாவடியில் பெண் சிப்பாயின் கை அந்தப் பட்டியில் பட்டதும், குண்டோ என்று வரிசையே பின்வாங்கிவிட்டது. சின்னத்தங்கம் எக்ஸ்ரேயை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். “இஞ்ச பாரு மகள், ஆணிதான். வேறொண்டுமில்ல.” தமிழ் தெரியாத அந்தப் பெண்ணுக்கும் அது விளங்கிவிட்டது.

சுனாமியன்று சுவர் விழுந்து, கணவர் அழகரத்தினத்துக்கு இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப் போனது. நாலரை வருடம், அகதி முகாம்களிலும்கூட, அவரைத் தூக்கியதும் புரட்டியதும் அவள்தான். மறுபடி தூக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் கத்திக்கே சம்மதித்தாள். டொக்டரோ, ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, ஆணி இளகினால் நடையும் போய்விடும் என்றார்.

“அஞ்சு கிலோ எண்டா எங்கட மனிசன்ட ஒரு கால்தானே ஐயா?”

டொக்டர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து தினமும் அவளுடைய தங்கை அன்னப்பூரணி வந்துதான் அவரைத் தூக்குகிறாள். நேற்றுக் காலை அவள் வரப் பிந்திவிட்டது. விரிப்பு நனைந்திருந்தது, ஈரத்தில் கிடந்தால் புண் வைக்கும். சின்னத்தங்கம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டு கட்டிலருகே குனிந்தாள்.

“தொடாத புள்ள! தூக்கொண்ணா எண்டு டொக்டர் சொன்னவர்தானே.”

அழகரத்தினம் அதட்டிவிட்டு, கூரைமரத்தில் கட்டியிருந்த கயிற்றை இரு கையாலும் பற்றினார். மனைவி கொழும்பில் இருந்தபோது கட்டுவித்த கயிறு; அதில் எழும்ப அவரால் ஒருநாளும் முடிந்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். முதுகும் இடுப்பும் நாலு விரல் உயர்ந்தன.

அவள் ஈரத்தை உருவி, காய்ந்த விரிப்பைச் செருகினாள். அவருடைய பிடி கயிற்றில் மெல்ல வழுக்கத் தொடங்கியது. சின்னத்தங்கம் தூக்கவில்லை. உள்ளங்கையை மட்டும் அவர் முதுகின் கீழே விரித்து வைத்துக்கொண்டாள்.