பதினொரு மீட்டர்

செத்துப்போன இரண்டு பேர் உடம்பிலும் ஒரு தீக்காயம்கூட இல்லையாம். அத்தை மகன் தன் அலுவலகத்தில் யாரோ சொன்னதாக என்னிடம் சொன்னான். நெருப்பு கீழ்த்தளத்து மின்பெட்டி அறையைவிட்டு அதிகம் நகரவே இல்லையாம். படிக்கட்டில் நிறைந்த கரும்புகைதான் ஆளை முடித்ததாம். கரும்புகையே வராத வயர் போட்ட கட்டடம் என்றார்களே, அது எப்படி என்று கேட்டான். நான் பேச்சை மாற்றினேன். அங்கே வயர் இழுத்தவன் என் அண்ணன்.

அண்ணன் முப்பது வருஷமாக வயர்மேன். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ‘மோப்பம்’. புதுச் சுருள் வந்தால் ஒரு சாண் வெட்டி, வெளியே போய்த் தீக்குச்சியைக் காட்டுவான். நல்ல வயர் என்றால் மெல்லிய வெள்ளைப் புகையோடு அடங்கிவிடும். சாதா வயர் கரேலென்று புகையும். அந்தப் புகை கண்ணிலும் தொண்டையிலும் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாக எரிக்கும். உறையில் அச்சடித்திருப்பதை அவன் நம்பியதே இல்லை. பெண் பார்க்கப் போனபோதும் கொளுத்திப் பார்த்தாயா என்று மேஸ்திரி கேட்பார். “பாத்திருந்தா தப்பிச்சிருப்பேன்” என்பான். அதைக் கேட்டுவிட்டு அண்ணி ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பயிற்சி தரும் மருத்துவமனை அது. திறப்பு நாள் குறித்தாகிவிட்டது. மின்பெட்டி அறையிலிருந்து படிக்கட்டு விளக்குகளுக்குப் போகும் கடைசிக் கற்றைக்குப் பதினொரு மீட்டர் குறைந்தது. புதுச் சுருள் வர நான்கு நாளாகும். பையில் வேறொரு வீட்டில் மிஞ்சிய சாதா வயர் கிடந்தது. அந்தத் தொழிலில் எல்லாக் கட்டடத்திலும் ஒரு ‘இப்போதைக்கு’ இருக்கும். இப்போதைக்கு என்று இழுத்தான். மறுநாள் தச்சர் பலகை அடித்து மூடிவிட்டார்.

சுருளும் வந்தது. வழக்கம்போல ஒரு சாண் கொளுத்தினான். வெள்ளைப் புகை. பலகையைப் பிரியுங்கள் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஆறு வருஷம் கழித்து, தீப்பிடித்த மறுநாள், என்னைப் போனில் கூப்பிட்டான்.

“அந்தப் பலகைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எனக்கு மட்டுந்தாம்மா தெரியும். விசாரணைல சொல்லிடட்டுமா?”

இறந்தவர்களில் ஒருவர் கைத்தடியோடு இறங்கிக்கொண்டிருந்த பெரியவர். மற்றவள், வெளியே வந்துவிட்டு அவருக்காகத் திரும்பி உள்ளே போன பணிப்பெண். அவளைப் பற்றி அண்ணன் இரண்டு தரம் சொன்னான்.

அண்ணனோடு கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் அரசாங்கக் காகிதத்துக்கும் சீருடைக்கும் பயந்தே பழகியவள் நான். யோசிக்கவே இல்லை.

“சொல்லாதண்ணா. போனவங்க திரும்பி வரப் போறாங்களா? உனக்குக் குடும்பம் இருக்கு. வாயத் திறக்காத.”

“சரிம்மா” என்றான். அவன் பேச்சை நான் எத்தனையோ தடவை தட்டியிருக்கிறேன். என் பேச்சை அவன் ஒருமுறைகூடத் தட்டியதில்லை.

அதன்பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று அந்தக் கட்டடத்தின் பராமரிப்புக்காரரைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இடையில் அவர்தான் வயரை மாற்றியிருப்பார் என்று முடிவு. மோப்பம் போட்ட வயர் அப்படிப் புகையாது என்று மேஸ்திரி சாட்சி சொன்னாராம். நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பார்.

இன்று மதியம் நான் அலுவலக மேசையில் சாப்பாட்டைத் திறந்தபோது அண்ணி போனில் கூப்பிட்டாள். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு அண்ணன் கிளம்பினானாம். எங்கே என்று அவளுக்குத் தெரியாது. போய் மூன்று மணி நேரமாகிறது.

“தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்களேன்னேன். அவ பயந்துக்குவா, விடுன்னாரு. நீ என்னம்மா சொன்ன அவர்கிட்ட?”

நான் அழைப்பைத் துண்டித்துவிட்டு அவன் எண்ணை அழுத்தினேன். அவன் எடுத்ததும் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்: நான் சொன்னது தப்புண்ணா, எங்க இருந்தாலும் சரி, போய்ச் சொல்லிடு, நானும் வரேன். இது ஏழாவது முறை. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.