அட்டவணையில் ஏறாத பிள்ளைகள்

லோகேஸ்வரிக்கு எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை. சுங்கை வேயில் வீட்டிலிருந்தபடியே கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதித் தருபவள். சனிக்கிழமையானால் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வந்துவிடுவாள். தலசீமியா என்ற ரத்தக் குறைபாடுள்ள பிள்ளைகளை மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ள மருத்துவமனைக்கு வேனில் அழைத்துப்போகும் சிறு சங்கம் ஒன்று அங்கே இருந்தது. அதற்குச் சம்பளமில்லாமல் உழைத்தாள்.

சங்கத்தின் விவரங்களெல்லாம் வருஷக்கணக்காக எக்செல் கோப்புகளில் கிடந்தன. அவற்றை டேட்டாபேஸுக்கு மாற்றும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். கோப்புகளை ஏற்றியபோது பெரும்பாலானவை உள்ளே போயின. ஒரு பகுதியை மட்டும் டேட்டாபேஸின் அட்டவணை ஏற்க மறுத்துவிட்டது.

செயலாளர் சிவேந்திரனுக்கு அதுவே பெரிய நிம்மதி. "இவ்ளோ ஏறிடுச்சே, போதும்லா. மிச்சத்த மெதுவா டைப் பண்ணிக்கலாம்."

"விட்டுப்போனது யாருன்னு பாருங்கண்ணே. எல்லாமே ரெண்டாயிரத்துலேருந்து ரெண்டாயிரத்து ஒம்பதுக்குள்ள பொறந்த புள்ளைங்க."

ஐசி எனப்படும் அடையாள அட்டையின் எண் பிறந்த ஆண்டில் தொடங்கும். 2005 என்றால் 05. எக்செல் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னாலிருந்த பூஜ்யத்தை விழுங்கியிருந்தது. பன்னிரண்டு இலக்கம் இல்லாத எதையும் அட்டவணை சேர்க்காது. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் எல்லாம் உள்ளே வந்துவிடும், பிழையோடு. அவள் தளர்த்தவில்லை. தற்காலிகமாக வேறோர் அட்டவணை அமைத்து, எல்லாவற்றையும் எழுத்தாகவே அதில் இறக்கினாள். பூஜ்யத்தைச் சேர்த்து, பிறந்த தேதியோடு ஒத்துப்போனவற்றை மட்டும் உள்ளே அனுப்பினாள். ஒத்துப்போகாதவற்றை ஊகித்து நிரப்ப மனம் வரவில்லை. அந்தந்த வீட்டுக்கே போன் போட்டாள்.

புனிதா என்ற பெண்ணின் தாய் வீரம்மா எடுத்தார். தேதியைச் சரிபார்த்த பின், சில மாதங்களாக எந்தப் பதிவும் இல்லாததைக் கவனித்த லோகேஸ்வரி, "புனிதாவுக்குக் கடைசியா எப்ப ரத்தம் ஏத்துனாங்க ஆன்டி?" என்று கேட்டாள்.

"நாங்க கிள்ளான்லேருந்து ஜெஞ்சாரோமுக்கு மாறிட்டோம்மா. இவ்ளோ தூரம் வேன் வராதுன்னு நெனச்சோம். அவரு லோரி ஓட்டப் போயிட்டா கூட்டிட்டுப் போக ஆளில்ல. புள்ள ரொம்ப சோர்ந்து கெடக்குறா."

லோகேஸ்வரி போனை வைக்காமலே திரும்பினாள். "அண்ணே, வேன் ஜெஞ்சாரோம் போகுமா?"

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சிவேந்திரன் ஏற்கெனவே வேன் சாவியை எடுத்திருந்தார். "நானே ஓட்டிட்டுப் போறேன்."

அன்றே புனிதாவுக்கு ரத்தம் ஏறியது. மருத்துவமனையிலிருந்து சிவேந்திரன் மலர்ந்த முகத்தோடு திரும்பியபோது லோகேஸ்வரி செராஸில் உள்ள இன்னொரு வீட்டோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறுங்கள், சாவியை வைத்துவிடாதீர்கள் என்று அவருக்குக் கையைக் காட்டினாள்.