எழுதாமல் விட்ட சீவிய உரித்து

ஐம்பத்தைந்து வயதோடு வேலையை விட்டு நிற்கவேண்டும் என்று கொம்பனியில் சொன்னபோது எனக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. வேறொருவன் என்றால் பதின்மூன்று மாதம் நிம்மதியாக இருந்துவிட்டுக் கடைசி மாதம் யோசித்திருப்பான். நான் அன்று பின்னேரம் ரயிலிலேயே தொடங்கிவிட்டேன். பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் மிச்சமிருந்த சம்பளங்களை விரல்விட்டு எண்ணி முடித்துவிட்டேன்.

என் வேலை தேயிலைப் பெட்டிகளில் ஊர்ப்பெயர் அடிப்பது. எழுத்து வெட்டிய தகரத்தைப் பெட்டியில் வைத்துக் கறுப்பு மையைத் தேய்த்தால் லண்டன் என்றோ மெல்பேண் என்றோ விழும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது பெரிய உத்தியோகந்தான். ஆனால் பென்சன் கிடையாது. போகிற அன்று ஒரு தொகையைக் கையில் தருவார்கள், அதோடு சரி.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்பாதியில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். உலகச் சண்டைக் காலத்தில் ஏறிய வாடகை சண்டை முடிந்தும் இறங்கவில்லை. சம்பளம் வரும் வரைக்கும் சமாளிக்கலாம். அது நின்றபிறகு இந்தப் பட்டினத்தில் என்னத்தைத் தின்று எங்கே படுப்பது?

மனைவிக்கு இந்தக் கவலையே இல்லை.

"இஞ்சேருங்கோ, ஏன் நித்திரையில்லாமல் கிடந்து புரளுறியள்? யாழ்ப்பாணத்திலை எங்கட வீடு இருக்கேக்கை என்ன பயம்? தெற்கு அறை எங்களுக்கு. பிள்ளையும் மருமகனும் மற்றப் பக்கம் இருக்கட்டும்."

நான் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பேன்.

அவள் சொன்ன வீடு அவளுடைய சீதன வீடு. அவளுக்கு அவளுடைய தாய் கொடுத்தது. ஒன்பது வருடத்துக்கு முன் எங்கள் ஒரே மகளுக்கு அதையே சீதனமாக எழுதினோம். எங்கள் பக்கத்தில் அப்படி எழுதும்போது தாய் தகப்பன் ஒரு வரி சேர்த்துக்கொள்வார்கள். தாங்கள் கண்ணை மூடும் மட்டும் அந்த வீட்டில் இருக்கலாம், தங்கள் கையெழுத்து இல்லாமல் அதை விற்க முடியாது என்று. சீவிய உரித்து என்பார்கள். எல்லோரும் வைப்பதுதான். யாரும் குறை நினைப்பதில்லை.

சீதன உறுதிப் பத்திரத்தை நொத்தாரிசு அந்த யாழ்ப்பாண வீட்டு விறாந்தையில் இருந்து எழுதினார். பக்கத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"சீவிய உரித்து வைக்கிறதுதானே?" என்று நொத்தாரிசு கேட்டார்.

மாப்பிள்ளையின் தகப்பன் மெல்லுவதை மட்டும் நிறுத்தினார். எனக்கு அது போதும். சம்பந்தம் குழம்பப்போகிறது என்று முடிவே செய்துவிட்டேன்.

"எனக்கென்னத்துக்கு? நான் கொழும்பிலை இருக்கிற ஆள். முழுக்கப் பிள்ளைக்கே எழுதுங்கோ" என்றேன்.

அவர் திரும்பவும் மெல்லத் தொடங்கினார். இன்றைக்கு யோசித்தால், பாக்குத் துண்டு பல்லில் அகப்பட்டுத்தான் நிறுத்தினாரோ, யாருக்குத் தெரியும். மனைவி அப்போது அடுப்படியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். மாக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தன் பெயர் எழுத மட்டும் தெரியும்.

"எல்லாம் எழுதியிருக்குத்தானே?" என்று என்னைக் கேட்டாள்.

"ஓம், எழுதியிருக்கு" என்றேன். கையெழுத்து வைத்தாள். வீடு அவளுடையது, பொய் என்னுடையது.

பதினான்கு மாதம் ஆறாகக் குறைந்தது. உரித்தில்லாத வீட்டை நம்பி யாழ்ப்பாணம் போக எனக்குத் துணிவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வீடு தேடி அலைந்தேன். பாமன்கடையில் ஒரு அம்மா, மாதச் சம்பளம் இல்லாதவருக்குக் கொடுப்பதில்லை என்று கதவுக்கு உள்ளேயிருந்தே சொன்னாள். ஆற்றுக்கு அப்பால் வத்தளை வரைக்கும் போனேன். அங்கே வாடகை குறைவு. ஆனால் ஒரு வருட முற்பணம் கேட்டார்கள். கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் நோய் வந்தால் என்ன செய்வது, கொடுக்காவிட்டால் மழைக்கு எங்கே ஒதுங்குவது என்று பஸ்ஸில் வரும்வழியெல்லாம் எனக்குள்ளேயே வழக்குப் பேசினேன்.

வாடகையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று எங்கள் வீட்டுக்கார ஹாஜியாரிடமும் கேட்டுப் பார்த்தேன். நல்ல மனிதர். சிரித்தார்.

"நீங்க போற ஆள்தானே? யாழ்ப்பாணத்துல ஊடு வளவு எல்லாம் ஈக்கிது எண்டு ஒங்கட பொஞ்சாதி எங்கட ஆக்கள்ட்ட செல்லி ஈக்கிறா. எனக்கு மாம்பழம் அனுப்ப மறக்க வாணாம்!"

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

அந்த மாதக் கடைசியில் மருமகன் காலை மெயில் ரயிலில் வந்து இறங்கினார். மனைவி பிட்டும் மீன் குழம்பும் கொடுத்து, பக்கத்தில் நின்று பரிமாறினாள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மாமா, யாழ்ப்பாணத்து வீட்டை வாங்க ஒரு ஆள் வந்திருக்கு. மலாயாவிலை வேலை செய்து பென்சனோடை வந்தவர். நல்ல விலை சொல்லுறார். வித்துப்போட்டு எங்கட அப்பாவின்ரை வளவுக்குப் பக்கத்திலை கட்டலாம் எண்டு யோசிக்கிறம். உங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் செய்யக்கூடாதெண்டு வந்தனான்."

மனைவி சிரித்துவிட்டாள். "நல்ல பகிடி, தம்பி. சீவிய உரித்து எங்களிட்டை இருக்கேக்கை எங்கட கையெழுத்தில்லாமல் எப்பிடி விக்கிறது? நாங்களும் மாசியிலை வாறமெல்லோ."

அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தேன்.

"மாமி, உறுதியிலை அப்பிடி ஒண்டும் இல்லையே. மாமா கொழும்பிலைதானே இருக்கப்போறார்? வரேக்கையெல்லாம் யாழ்ப்பாணத்திலை தனக்குப் பொழுது போகாது எண்டுதானே சொல்லுறவர்."

அதுவும் உண்மைதான். லீவில் போகும்போதெல்லாம் கொழும்புக்காரன் என்று காட்ட அப்படித்தான் கதைப்பேன்.

மனைவி மருமகனின் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் நெடுநேரம் கேட்டது. மருமகன் இரவு மெயிலில் திரும்பினார். அவர்மேல் பிழையில்லை. சட்டப்படி அவர் என்னைக் கேட்கவே தேவையில்லை. சம்பந்தியின் வளவுக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் போய் ஒண்டியிருப்பது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை.

வேலை முடிய இரண்டு கிழமை இருக்கும்போது கொட்டாஞ்சேனையில் ஒரு அறை கிடைத்தது. ஒரே முற்றத்தைச் சுற்றி ஒன்பது குடித்தனம், இரண்டு குழாய். பகல் முழுக்கத் துறைமுகத்து நிலக்கரித் தூசி வந்து விழும். வீட்டுக்காரர் வாடகைக் கடுதாசியை நீட்டினார். நான் வாங்கக் கையை நீட்டினேன். மனைவி முந்தி வாங்கிக்கொண்டு, அடுத்த அறை வாசலில் நின்ற மனிதரிடம் போனாள். கழுத்தில் சிலுவை போட்டிருந்தார், துறைமுகத்தில் கிளார்க் என்று பிறகு தெரிந்தது.

"இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. எல்லாத்தையும், ஒண்டும் விடாமல்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வாசித்தார். ஒரு மாத அறிவித்தலில் எங்களை அறையை விட்டு எழும்பச் சொல்லலாம் என்ற இடம் வந்தது.

"ஒரு மாசமோ?" என்றாள்.

"ஓம் அம்மா. ஒரு மாசம்தான் போட்டிருக்கு."

"வேறை ஒண்டும் இல்லையே?"

"வேறை இல்லை."

கடுதாசியைக் கொண்டுவந்து என் முன்னால் சன்னல் கட்டையில் வைத்தாள்.

"வையுங்கோ கையெழுத்தை" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வைத்தேன்.